காட்டுப்பன்றியைச் சுட 9 எம்எம் பிஸ்டல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில், இங்கே தென்னாப்பிரிக்காவில், டொங்காட் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். கரும்புக்கும் கிழங்குக்கும் வருகிற காட்டுப்பன்றியை வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்கி வைத்திருக்கிற பிஸ்டலாலேயே சுட்டுவிடலாம், அதற்கென்று தனியாக ரைஃபிள் வாங்கி, லைசென்சுக்கு அலைந்து, மாதக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். பாடுபட்டுப் போட்டதைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் வருகிற வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும், நானும் ஸ்டாங்கர் பக்கத்தில் கரும்பும் காய்கறியும் போடுகிறவன்தான். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு பையன்கள் டார்ச்சும் பிஸ்டலுமாக ராத்திரியில் கரும்புக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், முடிந்தால் குறைக்காமல் போடுங்கள்.

சேதம் பெரிதுதான், அதில் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. புஷ்பிக் என்கிற நம் ஊர்க் காட்டுப்பன்றிக் கூட்டம் கரும்புக்குள் புகுந்தால் தின்பதைவிடச் சாய்ப்பதுதான் அதிகம். ஒரு கழியைக் கடித்து இழுத்துப் படுக்கப் போடும், அடிக்கணுக்களை மட்டும் மென்று சாற்றை உறிஞ்சும், சக்கையைத் துப்பிவிட்டு அடுத்த கழிக்குப் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் வெளியே எல்லாம் ஒழுங்காக இருக்கும், உள்ளே பத்தடி நடந்தால் ஒரு அறை அளவுக்கு வெட்டவெளியாகக் கிடக்கும், தரை பூராவும் வெளிறின சக்கை உருண்டைகள், புளித்த வாடை, எறும்பு. நம் ஆலைகள் வெறும் எடைக்குக் காசு தருவதில்லை, கரும்பில் எடுக்கக்கூடிய சர்க்கரையைக் கணக்குப் பார்த்துத்தான் தருகின்றன, அதனால் கடிபட்டுக் கிடந்து புளித்த கழியை அள்ளி அனுப்பியும் பிரயோஜனமில்லை. மடும்பிக் கிழங்கும் (சேப்பங்கிழங்கு வகை) சர்க்கரைவள்ளியும் போட்டவன் பாடு இன்னும் மோசம், ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாகப் புரட்டிவிடும். நம்மவர்களுக்கு இது அதிகமாக நடப்பதற்குக் காரணமும் இருக்கிறது. 1860இல் இந்தியாவிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் ட்ரூரோ கப்பலில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒப்பந்தம் முடிந்ததும் கிடைத்த இடத்தில் காய்கறி போட்டுப் பிழைத்தார்கள், கிடைத்ததெல்லாம் ஆற்றோரமும் ஓடைச் சரிவும்தான். நாணலும் புதரும் இருக்கிற அதே ஓடைதான் பன்றிக்கும் வீடு.

சரி, பிஸ்டலுக்கு வருவோம்.

வீட்டில் இருப்பது பெரும்பாலும் 9 எம்எம். 1902 வாக்கில் ஜெர்மனியில், எதிராளி மனிதன் என்று வைத்து ராணுவத்துக்காகச் செய்த தோட்டா அது. குழலை விட்டுக் கிளம்பும்போது அதன் குண்டுக்கு இருக்கிற சக்தி ஏறக்குறைய 450 முதல் 500 ஜூல். .357 மேக்னம் ரிவால்வரில் 700, 750 வரும். .44 மேக்னத்தில் 1,200க்குக் குறையாது, குழல் நீளமாக இருந்தால் 1,500ஐ நெருங்கும். மானுக்குச் சாதாரணமாகக் கொண்டுபோகிற .308 ரைஃபிளில் 3,500 ஜூல். இந்த எண்களை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும், சரியான இடத்தில் பட்டால் சின்னக் குண்டும் கொல்லும். ஆனால் பன்றி விஷயத்தில் அந்தச் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் பாடு. நன்றாக வளர்ந்த கடுவன் எழுபது எண்பது கிலோ இருக்கும், அதற்கு மேலும் உண்டு. தோல் கனம், அதன் மேல் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும், முன்சப்பையில் தசையும் எலும்பும் நெருக்கம். வீட்டுப் பாதுகாப்புக்கு விற்கிற, உள்ளே போனதும் விரிகிற குண்டு அந்தச் சப்பையிலேயே விரிந்து நின்றுபோகலாம். பயிற்சிக்கு விற்கிற, முழுக்கச் செம்பு போர்த்திய குண்டு ஊசி போட்ட மாதிரி ஒரு துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடலாம். இரண்டு விதத்திலும் பன்றி ஓடும்.

இன்னொரு சங்கதி, இதைப் பழகியவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள முடியும். பன்றிக்கு இதயம் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவில், நன்றாக முன்தள்ளி இருக்கும். மானுக்கு வைக்கிற மாதிரி காலுக்குப் பின்னால் நடு உடம்பில் குறி வைத்தால் குடலில் படும், அல்லது நுரையீரலின் கடைசி ஓரத்தில் படும். புஷ்பிக்குக்கு முதுகில் நீளமாகப் பிடரி மயிர் வேறு உண்டு, மிரண்டால் சிலிர்த்துக்கொள்ளும். மங்கலான வெளிச்சத்தில் அந்த மயிரையும் உடம்பு என்று கண் எடுத்துக்கொள்ளும், உடனே குறி தானாக மேலே ஏறிவிடும், குண்டு முதுகுக்கு மேலே மயிருக்குள் போகும். ரைஃபிளில் டெலஸ்கோப் வைத்துச் சுடுகிறவனுக்கே வருகிற பிழை இது. கையளவு குழலும், விரலுக்குக் கனமான விசையும், முன்குறி எது பின்குறி எது என்று இருட்டில் தெரியாத பிஸ்டலும் வைத்திருப்பவனுக்கு எப்படி இருக்கும்? ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பிஸ்டல். முதல் வெடியின் தீப்பொறியிலேயே கண் இருண்டுவிடும், இரண்டாவது வெடியை எங்கே சுடுகிறான் என்று அவனுக்கே தெரியாது.

உடம்பில் பட்டால் போதாது என்று தெரிந்த சிலர் தலைக்குச் சுடுங்கள் என்கிறார்கள். இதைத்தான் நான் ரொம்பக் கடுமையாக எதிர்க்கிறேன். பன்றியின் தலை பெரிது, ஆனால் மூளை இருக்கிற இடம் சின்னது, மற்றதெல்லாம் மூக்கும் தாடையும். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஓடைக்கரையில் நாய் விடாமல் குரைக்கிறதே என்று போய்ப் பார்த்தோம். நாணலுக்குள் ஒரு பெட்டைப் பன்றி நின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்து ஓடவில்லை, ஓட அதற்குத் தெம்பில்லை. கீழ்த்தாடை உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது, நாக்கு வீங்கி வெளியே கிடந்தது, புண்ணில் புழு நெளிந்தது. விலா எலும்பை எண்ணலாம். தின்ன முடியாது, தண்ணீரில் வாயை வைத்து வைத்து எடுத்தது, குடிக்கவும் முடியவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் .308 கொண்டுவந்து ஒரே வெடியில் முடித்தார். தாடையில் இருந்தது 9 எம்எம் குண்டு, தோலுரிக்கும்போது எடுத்தோம். எத்தனை நாள் அப்படி அலைந்ததோ. நம் பயிரைத் தின்றது என்பதற்காக எந்த மிருகத்தையும் அப்படி விட்டுவைக்க நமக்கு உரிமை கிடையாது, நான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதுவாவது பெட்டை, நின்றது. காயம்பட்ட கடுவன் நிற்காது, ஆனால் தூரமும் போகாது. அடர்ந்த கரும்புக்குள் போய்த் திரும்பிப் படுத்துக்கொள்ளும், வந்த வழியைப் பார்த்தபடி. பன்றிக்குக் கொழுப்பும் தோலும் சேர்ந்து சின்னத் துளையை அடைத்துவிடும், இரத்தம் கீழே சிந்தாது, தேடிப் போகிறவனுக்குத் தடயமே கிடைக்காது. கீழ்க்கோரைப்பல் மேல்பல்லோடு உரசி உரசிக் கூராகவே இருக்கும். அது நாயைக் கிழித்த காயத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மனிதனுக்கு அந்த உயரத்தில் இருப்பது தொடை. இப்போது யோசித்துப் பாருங்கள், மறுநாள் விடியற்காலையில் அந்தக் கரும்புக்குள் போகப்போவது யார்? சுட்டவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான். போவது வெட்டுக்காரர்கள். ஈஸ்டர்ன் கேப்பிலிருந்து வந்து, குடும்பத்தை விட்டு, பருவம் முடியும்வரை தங்கி வெட்டுகிறவர்கள், கையில் கத்தியைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள். ராத்திரி அங்கே பன்றிக்குக் குண்டு பட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை.

குண்டு எங்கே போகும் என்பதும் இருக்கிறது. கரும்பு பார்க்கத்தான் சுவர், குண்டுக்கு அது சுவரே இல்லை. பிஸ்டல் குண்டும் தடையில்லாமல் போனால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிப் போகும். நம் பக்கம் எல்லாம் மேடும் பள்ளமும், ஒரு சரிவில் சுட்டால் எதிர்ச்சரிவில் யாருடைய வீடோ, யாருடைய மாட்டுத் தொழுவமோ. பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தத் துப்பாக்கியாலும் சுடக் கூடாது, இருட்டில் பார்க்கவே முடியாது.

இவ்வளவு சொன்னதால் கைத்துப்பாக்கியால் பன்றி வேட்டையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள், அவர்கள் செய்கிற விதத்தைப் பார்த்தால் மரியாதை வரும். அவர்கள் கொண்டுவருவது ஆறு அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள .44 மேக்னம் மாதிரியான ரிவால்வர், அல்லது காண்டெண்டர் மாதிரி ஒரே ஒரு தோட்டா போடுகிற, ரைஃபிள் தோட்டாவே போடக்கூடிய பிஸ்டல். குண்டு விரிவதற்கு அல்ல, ஆழமாகத் துளைப்பதற்கு என்று தேர்ந்தெடுத்தது, கடினமாக வார்த்த ஈயம், மூக்கு தட்டையாக இருக்கும். கையை நீட்டிப் பார்க்கிற மாதிரி செய்த டெலஸ்கோப்போ, சிவப்புப் புள்ளி காட்டுகிற குறியோ மேலே இருக்கும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் பரண் கட்டி, மக்காச்சோளத்தை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, பல நாள் அதே இடத்தில் போட்டுப் பழக்கி, பன்றி பயமில்லாமல் வந்து நின்று தின்ன ஆரம்பித்த பிறகுதான் துப்பாக்கியோடு போய் உட்காருவார்கள். மேலேயிருந்து கீழே சுடுவதால் தவறினாலும் குண்டு மண்ணுக்குள் போகும். தூரம் இருபது, இருபத்தைந்து மீட்டர். கை வெறுங்காற்றில் இருக்காது, மணல் பையில் பதிந்திருக்கும். பன்றி பக்கவாட்டில் திரும்புகிறவரை காத்திருப்பார்கள், திரும்பாவிட்டால் சுடாமலே இறங்கி வந்துவிடுவார்கள். குட்டி பின்னால் வருகிறதா என்று பார்ப்பார்கள், கோடை தொடங்கும்போது வரி போட்ட குட்டிகளோடு வருகிற பெட்டையைத் தொடமாட்டார்கள். காதுக்கு உறை போட்டிருப்பார்கள், .44இன் சத்தம் ஒரே வெடியில் காதைக் கெடுக்கும்.

இதில் எது எனக்குப் பிடித்தது என்றால் தூரத்தை அவர்கள் தீர்மானிக்கிற விதம். பதினைந்து சென்டிமீட்டர் காகிதத் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு ரேஞ்சில் சுடுகிறார்கள். எந்தத் தூரத்தில் ஒவ்வொரு குண்டும் தவறாமல் தட்டுக்குள் விழுகிறதோ அதுவரைதான் அவர்கள் எல்லை, ஒன்று வெளியே போனாலும் இன்னும் கிட்டே வர வேண்டும். டொங்காட் தம்பி, உங்கள் 9 எம்எம்மை எடுத்துக்கொண்டு போய், பகலில், நிதானமாக, பதினைந்து மீட்டரில் அதைச் செய்து பாருங்கள். முதல் குண்டுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அப்புறம் அதையே ஓடி வந்து மூச்சு வாங்கும்போது செய்து பாருங்கள்.

கைத்துப்பாக்கிக்கு நிஜமாகவே வேலை இருக்கிற இடம் வேறு ஒன்று. காயம்பட்ட பன்றியைத் தேடி அடர்த்திக்குள் போக வேண்டி வந்தால் நீளமான ரைஃபிளைத் திருப்பவே முடியாது, அப்போது இடுப்பில் பெரிய ரிவால்வர் இருந்தால் உயிர் காக்கும். விழுந்து கிடக்கிற மிருகத்தைக் கிட்டே போய்த் துன்பமில்லாமல் முடிக்கவும் அது உதவும். ஆனால் முதல் வெடிக்கு என்னைக் கேட்டால் ரைஃபிள்தான், அது இல்லையென்றால் 12 போர் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு, அதுவும் கிட்டத்தில்.

சட்டத்தைப் பற்றியும் அந்தக் கடிதத்தில் மேலோட்டமாகத்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது 2004 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற 60ஆம் எண் சட்டம், தற்காப்புக்கு ஒரு விதி, எப்போதாவது வேட்டையாடுகிறவர்களுக்கு ஒரு விதி, அதையே தீவிரமாகச் செய்கிறவர்களுக்கு ஒரு விதி என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. தற்காப்புக்கான 13ஆம் பிரிவு லைசென்ஸ் 5 வருஷத்துக்கு, வேட்டைக்கான 15ஆம் பிரிவு 10 வருஷத்துக்கு. தற்காப்புத் துப்பாக்கியை வேறு எதற்கும் தொடவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, பாதுகாப்பான இடத்தில் சட்டப்படியான காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் எல்லாம் அடங்கியிருக்கிறது. வீடுகள் நெருங்கிய இடத்தில் சுட்டால் குற்றம். குடித்துவிட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலே குற்றம். லைசென்ஸ் இல்லாத மச்சான் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் இல்லாமல் போனால் குற்றம். எந்தக் காட்டு மிருகத்தை எப்போது, ராத்திரியில் விளக்கு வைத்துச் சுடலாமா என்பதெல்லாம் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். நம் மாகாணத்தில் வனவிலங்குகளைப் பார்த்துக்கொள்கிற எஸெம்வெலோ அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டும், நிலம் அடுத்தவருடையது என்றால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

இன்னொன்றையும் நம் ஆட்கள் யோசிக்க வேண்டும். 2021இல் தற்காப்பு என்ற காரணத்துக்கு லைசென்ஸே கொடுக்கக் கூடாது என்று ஒரு திருத்த வரைவு வந்தது, நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. அதே வருஷம் ஜூலையில் நம் மாகாணத்தில் நடந்த கலவரத்தையும் கொள்ளையையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் ஒரு பிஸ்டல் இருப்பதால் நிம்மதியாகத் தூங்குகிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. கரும்புக்குள் பன்றி என்று நினைத்து ஒரு மனிதனைச் சுட்டான் என்று ஒரே ஒரு செய்தி வரட்டும், அந்தக் குடும்பங்கள் எல்லாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சுட்ட பிறகு என்ன செய்வது என்பதை யாருமே எழுதுவதில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி புஷ்பிக்கின் உடம்பில் இருந்தாலும் அது நோயாளி மாதிரித் தெரியாது. வீட்டுப் பன்றிக்கு அது தொற்றினால் பெரும்பாலும் கூண்டோடு போய்விடும். மனிதனுக்கு வராது, ஆனால் நம் செருப்பிலும் கத்தியிலும் ஏறிப் போகும். குடலையும் தோலையும் ஓடையில் வீசாதீர்கள், பன்றி வளர்க்கிற பக்கத்து வீட்டுக்காரரின் நாய் இழுத்துக்கொண்டு போகிற இடத்தில் போடாதீர்கள், ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். கறியைத் தின்கிறவர்கள் உள்ளே சிவப்பே இல்லாமல் நன்றாக வேகவைத்துத் தின்னுங்கள், புழுக்கட்டி இருக்கலாம்.

தமிழ்நாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் போனில் பேசும்போது, உங்களுக்கென்ன, துப்பாக்கி இருக்கிறது, சுட்டுவிடுவீர்கள் என்கிறார்கள். அங்கே 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வருகிற பன்றியைச் சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால் வனத்துறை ஆட்கள் சுடுவார்கள். விவசாயி கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. அது போதாது என்று அங்கே விவசாயிகள் கோபமாக இருக்கிறார்கள், அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆனால் வழி கிடைக்காதவர்கள் அங்கே வைக்கிற அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்த வெடி) மின்வேலியும் யானை வாயைக் கிழித்ததையும் வீட்டு ஆட்களையே கொன்றதையும் நாம் படிக்கிறோம். இங்கே அந்த இடத்தில் கம்பிக் கண்ணி இருக்கிறது. பன்றிக்கு என்று வைத்த கண்ணியில் மானும் நாயும் மாட்டித் தொங்குவதை நான் வெட்டி எடுத்திருக்கிறேன். சரியான ஆள் சரியான துப்பாக்கியால் ஒரே வெடியில் முடிப்பது இவை எல்லாவற்றையும்விட இரக்கமான வழி, அதனால்தான் அது சரியாக நடக்க வேண்டும் என்று இவ்வளவு மன்றாடுகிறேன்.

செய்யக்கூடியது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு விவசாயியும் ஒரு துப்பாக்கி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஓடையைச் சுற்றி இருக்கிற எட்டுப் பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து, வேட்டைக்கான லைசென்சும் பயிற்சியும் உள்ள இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள், பரண் கட்ட இடம் கொடுங்கள், சோளத்துக்குக் காசு போடுங்கள். எந்த ராத்திரி எந்தத் தோட்டத்தில் உட்காருகிறார்கள் என்று மற்றவர்களுக்கும் வெட்டுக்காரர்களின் மேஸ்திரிக்கும் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். காயம்பட்டு ஓடினால் விடிந்ததும் நாயோடு போய்த் தேடி முடித்த பிறகுதான் அந்தக் கரும்பில் வெட்டு. எங்கள் பக்கம் இப்படித்தான் செய்கிறோம், பன்றி ஒழிந்துவிடவில்லை, ஆனால் கிழங்குப் பாத்திகள் தப்பித்தன. மடும்பிப் பாத்தியைச் சுற்றி இரண்டு கம்பி மின்வேலி, ஆளைக் கொல்லாத, விட்டுவிட்டுச் சுள்ளென்று அடிக்கிற பெட்டி வைத்தது, கீழ்க்கம்பி முழங்காலுக்குக் கீழே. அதற்கான செலவு ஒரு நல்ல பிஸ்டலின் விலையைவிடக் குறைவு.

டொங்காட் தம்பிக்கு விருப்பம் இருந்தால் எங்கள் பரணில் வந்து ஒரு ராத்திரி உட்காரட்டும், துப்பாக்கி இல்லாமல், சும்மா பார்க்க. என் விலாசம் ஆசிரியரிடம் இருக்கிறது, அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: லைசென்ஸ் விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும், பன்றி சுட மாகாண அனுமதிக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதை விசாரித்துத் தமிழில் ஒரு பக்கம் போடுங்கள். ஆங்கிலப் படிவத்தைப் பார்த்து மலைத்துப் போய்த்தான் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பாதிப் பேர் விண்ணப்பமே போடாமல் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
ஸ்டாங்கர், க்வாஸுலு-நட்டால்